மாமியைக் கட்டாருக்கு அனுப்பிய கதை

தொலைக்காட்சியைப் பற்றி அந்த நாளில் என்னிடம் உறுதியான கருத்துகள் இருந்தன. நாலு அலுமாரி புத்தகம் வைத்திருப்பவனுக்கு அவை தானாகவே வந்து சேரும். அந்தப் பெட்டி பிள்ளைகளின் மூளையைத் தின்னும் என்று ஆறு வயது மகளுக்கு விளக்குவேன். அவள் பெட்டியைப் பார்த்தபடியே தலையாட்டுவாள்.

ஞாயிறு காலையில் அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பாலத்தைக் கடந்து, கடற்கரையோரம் தனியே இருந்த என் தங்கச்சி வீட்டுக்குப் போவது வழக்கம். மகளுக்கு அவள் மாமி; மாமியின் புட்டு ஆறுமுன்னம் போய்ச் சேரவேண்டும். அந்த ஞாயிறு மகள் அசையவில்லை. காட்டூன் முடியவேண்டுமாம். தங்கச்சி போனில் கூப்பிட்டபோது மகளே எடுத்து "நான் வரல்ல" என்று சொல்லி வைத்துவிட்டாள். நான் மூளை தின்னும் பிரசங்கத்தைத் தொடங்கினேன். அது முடியுமுன்னம் கடல் கரையைத் தாண்டி ஊருக்குள் வந்துவிட்டது.

மறுநாள் தங்கச்சியின் உடலை அடையாளம் காட்டியது நான்தான். மகளிடம் சொல்ல வாய் வரவில்லை. யுத்தம் எங்கள் ஊருக்குப் பழக்கிவிட்ட ஒரு பதில் உண்டு. வீட்டில் ஒருவரைக் காணவில்லை, யாராவது கேட்கிறார்கள் என்றால் "வெளிநாடு" என்போம். சோதனைச் சாவடியில் சொல்லிச் சொல்லி நாக்கு அதற்குப் பதப்பட்டிருந்தது. மாமி கட்டாருக்கு வேலைக்குப் போயிட்டா என்றேன். தங்கச்சியின் படத்தைச் சட்டம் போட்டும் மாட்டவில்லை. மாலை போட்ட படம் பிள்ளைக்கும் விளங்கும். அது அலுமாரிக்குள் சேலைகளுக்கு அடியில் கிடந்தது. முப்பத்தோராம் நாள் கிரியையை மகள் பள்ளிக்கூடம் போன நேரத்தில் செய்தோம்.

மாமி ஏன் போன் எடுக்கிறதில்லை என்று அவள் கேட்கத் தொடங்கியபோது, நான் கட்டாரிலிருந்து கடிதம் எழுதத் தொடங்கினேன். பாலைவனம், பேரீச்சை, ஒட்டகத்தின் குணநலன்கள். நான் எழுதியவற்றில் கடைசி வரி வரைக்கும் வாசிக்கப்பட்டவை அவை மட்டும்தான். மனைவி மகளுக்கு வாசித்துக் காட்டுவாள். முடிந்த கையோடு குசினிக்குள் அடுப்படிக்குப் போய்விடுவாள்.

சில மாதங்கள் போயின. ஒரு பின்னேரம் சிறுவர் நிகழ்ச்சியில் ஒரு பொம்மை ஆமை செத்துப்போனது. அதன் கூட்டாளி முயல், தான் விளையாட வரமாட்டேன் என்று சொன்னதால்தான் ஆமை செத்ததா என்று ஆந்தையிடம் கேட்டது. நான் பாய்ந்து ரிமோட்டைத் தேடினேன். அது வழக்கம்போல எங்கேயும் இல்லை.

"நிப்பாட்டாதீங்கப்பா," என்றாள் மகள்.

ஆந்தை அவசரப்படவில்லை. ஆமைக்கு வயது போய்விட்டது, நீ சொன்ன சொல்லால் ஒன்றும் நடக்கவில்லை, ஆனால் அது இனித் திரும்பி வராது என்று முயலுக்குச் சொன்னது. துணியில் தைத்த அந்த ஆந்தை எத்தனை புத்தகம் வாசித்திருக்கும்?

மகள் என் பக்கம் திரும்பினாள். "அப்பா, மாமி என்னோட கோவமா?"

"ஏன் மகள்?"

"வரல்ல எண்டு சொன்னன்தானே. கடிதத்தில எல்லாம் ஒட்டகத்தப் பத்தித்தான். நான் ஏன் வரல்ல எண்டு ஒருநாளும் கேக்கல்ல."

பிள்ளையின் மனம் நோகாமல் இருக்கத்தான் அத்தனை பக்கம் எழுதினேன். அவளோ அத்தனை மாதமும் தன் ஒரு சொல்லைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள்.

"மாமி செத்துட்டா மகள். கடல் வந்த அண்டைக்கே."

"நான் சொன்னதாலயா?"

"இல்ல. கடலாலதான். நீ வரல்ல எண்டதால நாம ரெண்டு பேரும் இருக்கிறம்."

மனைவி குசினியிலிருந்து வந்து எங்களோடு நிலத்தில் இருந்தாள். மூன்று பேரும் அழுது முடியும்போது பெட்டியில் சவர்க்கார விளம்பரம் போய்க்கொண்டிருந்தது.

"அப்ப கடிதம் எழுதினது ஆரு?"

"நான்தான்."

மூக்கைத் துடைத்தாள். "அதான் அவ்வளவு நீளம்."

அன்றைக்கே படத்தை வெளியே எடுத்து மாட்டினோம். தொலைக்காட்சிக்கு எதிர்ச்சுவர்தான் வேண்டும் என்று மகள் நின்றாள். நான் ஆணியை அங்கேயே அடித்தேன்.

யுத்தம் முடிந்த வருடம் அவளுக்குப் பத்து வயது தாண்டியிருந்தது. முடிந்துவிட்டதாகச் செய்தியில் சொன்னார்கள். ஒரு மாதம் போயும், யுத்தத்தில் காணாமல் போன பக்கத்து வீட்டுப் பெடியன் திரும்பி வரவில்லை. அந்த அண்ணா எங்கே என்று மகள் கேட்டாள். என் நாக்கு பழைய பாதையில் "வெளி" வரைக்கும் போய்விட்டது. அவள் எதிர்ச்சுவரில் மாமியின் படத்தைப் பார்த்தாள்.

"தெரியாது மகள்," என்றேன். "அவங்கட அம்மாவும் தேடிட்டுத்தான் இருக்கிறா."