முத்துராணி வீட்டுக் கன்னி

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். பாளையங்கோட்டையில், குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில், என் மேசைக்கு வந்து சேர்கிற சங்கதிகளைக் கேட்டால் உங்களுக்கும் வரும். பிரேமலதா மேடம் வந்தால் வாங்கிக்கட்டிக்கொண்டுதான் போகவேண்டும் என்று ஊர்நாட்டில் பேசிக்கொள்வார்கள். பேசட்டும். ஆனால் பிள்ளையைத் தொலைத்த தாய்மாரிடம் நான் குரலை உயர்த்துவதில்லை. முத்துராணியிடம்தான் போன முதல் நாளே சத்தம் போட்டேன். உயிரோடு இருக்கிற தன் பிள்ளையை வேண்டாம் என்று சொன்ன தாயிடம் வேறு என்ன செய்ய?

வீரவநல்லூருக்குத் தெற்கே, கால்வாயை ஒட்டிய ஒரு ஊரில் பீடி சுற்றிப் பிழைக்கிறவள் முத்துராணி. நாற்பதைத் தொட்டிருப்பாள். மடியில் முறம்போல ஒரு சுளவு, சுளவில் வெட்டிய இலையும் தூளும். பேசினாலும் அழுதாலும் விரல் நிற்காது. புருஷன் இசக்கியப்பன் வயலுக்கும் செங்கல் சூளைக்கும் போகிறவர். கல்யாணமாகி வெகுநாள் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை பேச்சியம்மாள். மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது ஆடி அமாவாசைக்கு அவளையும் கூட்டிக்கொண்டு காரையாற்றுக் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள்.

அங்கே போனவர்களுக்குத் தெரியும், ஆற்றங்கரை முழுக்க ஓலைக் குடில்தான், குடிலுக்குக் குடில் அடுப்புதான். தலையை எண்ண முடியாத கூட்டம். பிள்ளையைக் குளிப்பாட்டி, ஈரப் பாவாடையைப் பாறையில் காயப்போட்டு, பையிலிருந்து உலர்ந்த உடுப்பை எடுத்து மாட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டு, முத்துராணி சோறு வடிக்க உட்கார்ந்தாள். கஞ்சியை ஊற்றிவிட்டுத் திரும்பினால் பிள்ளை இல்லை. கத்தித் தேடினார்கள். மைக்கில் சொல்லச் சொன்னார்கள். சாயங்காலம் அந்த அரக்குப் பாவாடை கீழே ஒரு பாறை இடுக்கில் சிக்கிக் கிடந்தது. மேலே மழை பெய்து ஆறு கலங்கிப் போய்க்கொண்டிருந்த நேரம். தீயணைப்புக்காரர்கள் கயிறு கட்டி இறங்கினார்கள், ஒன்றும் அகப்படவில்லை. ஆறு கொண்டுபோய்விட்டது என்று எல்லாரும் ஒரே வாயாகச் சொன்னார்கள். பாவாடை இருந்ததே, வேறு என்ன சாட்சி வேண்டும்?

எங்கள் பக்கத்தில் கல்யாணமாகாமல் போய்ச் சேர்ந்த பெண்பிள்ளையைக் கன்னியாக வைத்துக் கும்பிடுவார்கள். ஒரு ஓலைப்பெட்டி, அதில் அவள் அளவுக்குப் பாவாடை சட்டை, வளையல், ரிப்பன், பொட்டு. வருஷத்துக்கு ஒரு தரம் புதுத் துணி எடுத்து வைத்து, பாயசமும் அதிரசமும் படைத்தால் வீட்டைக் காப்பாள். படைக்காவிட்டால் வீட்டை உலுக்குவாள். பேச்சி தொலைந்த வருஷமே இசக்கியப்பனின் அக்காவுக்கு அருள் வந்து, தாகமாயிருக்கு, பெட்டி வையுங்க என்று கேட்டாளாம். வைத்தார்கள். அந்தப் பெட்டிக்கு முன்னால் சத்தியம் பண்ணித்தான் இசக்கியப்பன் குடியை விட்டார். முத்துராணி வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றினாள். ஆளில்லாத நேரத்தில் பெட்டியோடு பேசிக்கொண்டே இருப்பாளாம். சில நாள் அந்தி நேரத்தில் பெட்டிக்குள் வளையல் குலுங்கும் என்று அவர் என்னிடமே சொன்னார். எனக்கு இந்த மாதிரி விஷயத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அந்த வீட்டில் நான் பெட்டிக்கு முதுகைக் காட்டி உட்காரவில்லை.

பிள்ளை ஆற்றில் போகவேயில்லை. கூட்டத்தில் யாரோ ஒரு பொம்பளை பன் வாங்கிக் கொடுத்து, அம்மா அங்கன நிக்கா என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போயிருக்கிறாள். செங்கோட்டை வழியாகக் கேரளா, அங்கே சில மாதம். பிறகு யாரோ ஒரு புருஷன் பெண்டாட்டியின் மகள் என்று கள்ளப் பாஸ்போர்ட்டில் மலேசியா. ஒரு பெரிய வீட்டில் பூட்டிவைத்து வேலை வாங்கியிருக்கிறார்கள். தரை துடைக்க, துணி துவைக்க, அந்த வீட்டுப் பிள்ளைகளைக் குளிப்பாட்ட. அடியும் உண்டு. வேறென்ன என்று நான் கேட்கவில்லை, கேட்டால் எனக்குத் தூக்கம் போய்விடும்.

இந்தக் கடத்தல் கூட்டம் வேறொரு நாட்டில் மாட்டிக்கொண்டதால்தான் போலீஸ்காரர்கள் நூல் பிடித்து அந்த மலேசிய வீடு வரைக்கும் வந்தார்கள். ஒரு நாட்டுப் போலீஸ் இன்னொரு நாட்டுக்குச் சொல்லி, அது சர்வதேசப் போலீசுக்குப் போய், அங்கிருந்து டெல்லி, சென்னை என்று இறங்கி வரும். பிள்ளையைக் கடத்துகிறவனுக்கு எல்லை கிடையாது, மீட்கிறவனுக்குத்தான் வாசலுக்கு வாசல் முத்திரை வேண்டும். கதவை உடைத்துப் பேச்சியை வெளியே கொண்டுவந்தபோது அவளுக்குப் பதினாறு முடிந்திருந்தது. காப்பகத்தில் அவள் பேசிய பேச்சைக் கேட்ட ஒரு மலேசியத் தமிழ்ப் பெண்மணி, இது திருநெல்வேலிப் பேச்சல்லவா என்று பிடித்துக்கொண்டார். அவருடைய தாத்தா இந்தப் பக்கமாம்.

முதல் தடவை விசாரணை வந்தபோது, பேரையும் ஆற்றையும் வைத்துப் பழைய பதிவில் தேடி ஒரு போலீஸ்காரர் முத்துராணி வீட்டுக்குப் போயிருக்கிறார். இசக்கியப்பன் வாசலிலேயே நிறுத்தி, எங்க பிள்ள தெய்வமாயிட்டா, அவ பேரச் சொல்லி யாரும் இங்கன வரக் கூடாது என்று சொல்லிவிட்டார். பெட்டியையும் காட்டினாராம். பாவம், அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. இறந்துவிட்டதாகப் பெற்றோர் சொல்கிறார்கள் என்று பதில் போய்விட்டது. கடல் தாண்டி அதை யாரோ அந்தப் பிள்ளையிடமே சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. மலேசியப் பெண்மணி விடவில்லை, மறுபடியும் எழுதினார். அந்தத் தடவை அது என் மேசைக்கு வந்தது. பதினெட்டு முடிந்தால் காப்பகத்தில் வைத்திருக்க மாட்டார்கள். சொந்தம் என்று யாரும் கேட்காவிட்டால் வெளியே விடவேண்டியதுதான். வெளியே யார் காத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

பஸ்ஸை விட்டு இறங்கி வழி கேட்டதும், பக்கத்து வீட்டு வடிவம்மாள் என்னை மறித்துக்கொண்டாள். அவளுக்கும் பேச்சி வயதில் ஒரு மகள் இருக்கிறாள். ஆபீசர் என்று தெரிந்ததும் புகாரைக் கொட்டினாள். வருஷா வருஷம் கன்னிக்கு எடுத்த துணியைக் கொண்டுவந்து தன் மகள் மேல் வைத்து அளக்கிறாளாம் முத்துராணி. செத்த பிள்ளையின் துணியை உயிரோடு இருக்கிற பிள்ளை மேல் வைக்கலாமா, இதைக் கேட்டதற்கு இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லாமல் போய்விட்டது என்றாள். பெரிய வழக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு நடந்துவிட்டேன்.

நான் சொல்வதை முத்துராணி தலை நிமிராமல் கேட்டாள். விரல் சுற்றிக்கொண்டே இருந்தது.

"அந்தப் பிள்ள யாருன்னு எனக்குத் தெரியாது, மேடம். எம்பிள்ள இந்தா பெட்டியில இருக்கா."

"பெட்டியில இருக்கது துணி, முத்துராணி. பிள்ள கடலுக்கு அங்கிட்டு இருக்கா."

அவள் ஒரு பீடியைக் கட்டி முடித்து அடுத்த இலையை எடுத்தாள். அப்போதுதான் நான் சத்தம் போட்டது. தெருவே கூடிவிட்டது. அவள் அசையவில்லை. இசக்கியப்பன் மட்டும் பெட்டியைப் பார்த்துப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

கோபத்தோடேயே மலேசியாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன். பிள்ளைக்கு என்னதான் ஞாபகம் இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள் என்றேன். வாயை மூடிக்கொள்வதற்கு முன்னால் பிள்ளை சொன்னதையெல்லாம் அந்தப் பெண்மணி நிதானமாகச் சொன்னார். அம்மா மடியில் படுத்தால் புகையிலை வாசம் வரும் என்பாள். ஒரு ஆறு, நிறையப் பாறை. அன்றைக்கு மஞ்சள் கவுன் போட்டிருந்தாளாம், நெஞ்சில் வாத்துப் படம் போட்டது. வெகுநாள் அதைத் தலைமாட்டில் வைத்திருந்தாளாம், அப்புறம் அந்த வீட்டுக்காரி அதைக் கிழித்துத் தரை துடைக்கக் கொடுத்துவிட்டாளாம்.

முத்துராணியின் விரல் நின்றது. சுளவு மடியிலிருந்து சரிந்து தூள் முழுக்கத் தரையில் கொட்டியது.

"அந்தக் கவுனு பையில இல்ல" என்றாள் புருஷனைப் பார்த்து. "ஆத்துல கெடந்தது காயப்போட்ட பாவாட. அன்னைக்கே சொன்னேன். ஒடம்பே ஆத்தோட போயிட்டு, கவுனத் தேடுதியாட்டின்னு எல்லாரும் வஞ்சாவ."

அவள் எழுந்து போய்ப் பெட்டிக்கு முன்னால் நின்றாள். மூடி சரியாகப் பொருந்தாமல் பெட்டியைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அன்றைக்கு வெள்ளிக்கிழமை.

"அப்ப இத்தன வருசமா இங்கன வந்து சாப்பிட்டது யாரு?"

அவள் என்னைக் கேட்கவில்லை, பெட்டியைக் கேட்டாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து, நான் இங்கன பாயசம் வச்சுக்கிட்டு இருந்தேனே, அவ அங்க என்னத்தத் தின்னாளோ என்று அழ ஆரம்பித்தாள். அந்த அழுகையை நான் இன்னமும் கேட்கிறேன். பகலில் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதுகூடக் கேட்கும்.

அதற்கப்புறம் அவள் தயங்கவில்லை. மரபணுச் சோதனைக்கு ரத்தம் கொடுக்க ஆஸ்பத்திரிக்கு எனக்கு முன்னால் வந்து நின்றாள். இசக்கியப்பனுக்குத்தான் ஒரே குழப்பம். கன்னி இல்லையென்றால் கன்னிக்குப் பண்ணின சத்தியம் என்னாவது என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார். முத்துராணி காதில் விழுந்துவிட்டது. உசுரோட இருக்கவளுக்குப் பண்ணுன சத்தியத்த மீறித்தான் பாருமே என்றாள். மனிதர் அடங்கிவிட்டார்.

ரத்தம் ஒத்துப்போயிற்று. பிள்ளையை அனுப்புவதற்கு முன்னால் தாயும் மகளும் கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேச வேண்டும் என்றார்கள். பிள்ளை வர விரும்புகிறாளா என்று அவள் வாயாலேயே தெரிய வேண்டுமாம், அதுதான் அங்கே முறை. மாட்டேன் என்று சொன்னால் யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அதுவரை அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று மலேசியப் பெண்மணி முதல் நாளே என்னிடம் வருத்தப்பட்டிருந்தார்.

சொன்ன நாளில் முத்துராணி சேலைத் துண்டில் சுற்றி அந்தப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி என் அலுவலகத்துக்கு வந்துவிட்டாள். எனக்கு வந்ததே கோபம்! பிள்ளையிடம் பேச வருகிறவள், அவள் செத்துப்போனதற்கு வைத்த பெட்டியையா தூக்கி வருவாள்? வெளியே வைத்துவிட்டு வா என்றேன். அவள் காதில் போட்டுக்கொள்ளாமல் மடியில் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

திரையில் பேச்சி வந்தாள். ஒட்ட வெட்டின முடி, ஒடுங்கின கன்னம். கண் மட்டும் அப்படியே முத்துராணியின் கண். இசக்கியப்பன் துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். கடைசியில் அந்தப் பிள்ளைதான் கேட்டது.

"என்னத் தேடுனியாம்மா?"

ஆமா, தேடாத இடமில்லை என்று சொல் என்று நான் மனதுக்குள் கத்தினேன். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"தேடல" என்றாள் முத்துராணி. "ஆத்துல போயிட்டன்னாவ, நானும் நம்பிட்டேன். கன்னியா வச்சு உன்னக் கும்பிட்டேன், தாயி."

பேச்சி தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்திலிருந்த மலேசியப் பெண்மணி அவள் தோளைத் தொட்டார், அவள் தோளை இழுத்துக்கொண்டாள். முடிந்தது கதை என்று நினைத்தேன்.

முத்துராணி பெட்டிக் கயிற்றை அவிழ்த்தாள். முதலில் ஒரு சின்னப் பாவாடையை எடுத்து இரண்டு கையாலும் விரித்துத் திரைக்கு நேராகப் பிடித்தாள்.

"இது நீ நாலாங்கிளாஸ் படிச்சிருப்பல்லா, அன்னைக்கு எடுத்தது."

அதை மடியில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள். அது கொஞ்சம் நீளம். இது அஞ்சாங்கிளாசுக்கு என்றாள். அடுத்தது இன்னும் நீளம். ஆறு, ஏழு என்று சொல்லிக்கொண்டே எடுத்தாள். கன்னிக்கு எப்போதும் ஒரே அளவுதான், செத்த பிள்ளை வளராது. அது இங்கே எல்லாருக்கும் தெரியும். வடிவம்மாளின் மகள் மேல் வைத்து இவள் எதற்கு அளந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கடைசியாக அடியிலிருந்து ஒரு பச்சைப் பாவாடையும் தாவணியும் வந்தன.

"பெரியபிள்ள ஆகியிருப்பன்னு எடுத்தேன்" என்றாள். "யார்ட்டயும் சொல்லல. சொன்னா கிறுக்கிம்பாவ."

இசக்கியப்பன் அந்தத் துணிகளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கே தெரியாது.

பேச்சி எப்போது தலை நிமிர்ந்தாள் என்று நான் கவனிக்கவில்லை. அந்தப் பச்சையத் தூக்கிப் பிடி என்றாள். முத்துராணி எழுந்து நின்று தன் இடுப்போடு வைத்துக் காட்டினாள். பிள்ளை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். எழுந்தாள், எழுந்தாள், தலை திரைக்கு மேலே போய்விட்டது.

"அது எனக்குப் பத்தாதும்மா. நான் வளந்துட்டேன்."

சொல்லிவிட்டு உட்காரப் போனாள். நில்லு தாயி, உக்காராத என்று முத்துராணி கெஞ்சினாள். பிறகு என் பக்கம் திரும்பி, அதுவரை மேடம் என்றவள், எக்கா, எம்மாம் ஒசரம்னு அந்த அம்மாட்ட கேளுங்க என்றாள். மலேசியப் பெண்மணி பிள்ளையைச் சுவரோடு நிறுத்தி, டேப் வைத்து அளந்து சொன்னார். என் அலுவலகச் சுவரிலும் அதே உயரத்துக்கு ஒரு கோடு போடச் சொன்னாள் முத்துராணி. போட்டேன். அவளைவிட அரை சாண் மேலே இருந்தது. இடுப்பில் செருகியிருந்த பீடி நூல்கண்டை எடுத்து, தரையிலிருந்து கோடு வரைக்கும் பிடித்து, முடிச்சுப் போட்டு அறுத்தாள். பெட்டி காலடியில் திறந்தே கிடந்தது. நூலைச் சுருட்டி முந்தானையில் முடிந்துகொண்டு, அம்பாசமுத்திரத்தில் ஜவுளிக்கடை எத்தனை மணி வரைக்கும் திறந்திருக்கும் என்று கேட்டாள்.