ஒற்றைச் சொல்லில் முடிந்த கவிதை

2006-ஆம் ஆண்டு. சேலையூரில் ஒரு பள்ளியில் தமிழாசிரியராகச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. கேம்ப் ரோட்டில் மாதம் ஒரு ஞாயிறு மாலை நடக்கும் இலக்கியக் கூட்டத்தில், ஒரு புதுக்கவிதையின் வடிவத்தையும் உணர்வையும் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். எனக்கு அதுதான் முதல் மேடை.

சிற்றிதழில் வந்த அந்தக் கவிதையை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்திருந்தார்கள். எழுதியவர் பெயர் அதில் இல்லை. காற்றும் மழையுமான நாளில் கடலுக்குப் போன கணவனுக்காக ஒரு பெண் கரையில் காத்திருக்கிறாள். வரிகள் போகப்போகச் சிறுத்து, கடைசியில் 'படகு' என்ற ஒற்றைச் சொல்லோடு கவிதை நின்றுவிடுகிறது. ஒரு வாரம் அந்தச் சொல்லையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கூட்டத்தில் உருகி உருகிப் பேசினேன். அவன் திரும்பவில்லை, அதனால்தான் வாக்கியமும் முடியவில்லை. கீழே உள்ள வெற்றிடம்தான் கடல் என்றேன். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பலத்த கைத்தட்டல்.

டீ குடிக்கும் நேரத்தில், நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி தயங்கியபடி வந்தார். கோவளத்திலிருந்து பஸ் மாறி வந்தாராம். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நல்லா பேசினீங்க சார். ஆனா படகு வந்துடும். ரெண்டாவது பக்கத்துல கீது."

பையிலிருந்து இதழை எடுத்துத் திருப்பிக் காட்டினார்.

'வந்துவிட்டது.
நனைந்த சட்டையோடு இறங்கியவன்
கேட்கிறான்:
இன்னிக்கு இன்னா கொழம்பு?'

அதன் கீழே எழுதியவர் பெயர். அது தன் பெயர்தான் என்றார் அந்தப் பெண்மணி. ஜெராக்ஸில் அந்தப் பக்கம் விடுபட்டிருக்கிறது, நானும் விசாரிக்கவில்லை. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. யாரிடமும் சொல்ல மாட்டேன், கவலைப்படாதீர்கள் என்று அவரே என்னைத் தேற்றினார். வீட்டுக்காரர் சௌக்கியமாக இருக்கிறார் என்றும் சிரித்தபடி சொன்னார்.

பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் உயிரோடு இருக்கும் மனிதரைக் கடலில் மூழ்கடித்துவிட்டு எப்படி வீட்டுக்குப் போவது? மறுபடி மேடையேறி நடந்ததைச் சொன்னேன். முழுக் கவிதையையும் அவரையே வாசிக்கச் சொன்னேன். வெட்கத்தோடு வாசித்தார். அரங்கமே சிரித்தது. கண்ணைத் துடைத்த பெரியவர்தான் எல்லாரையும்விட அதிகம் சிரித்தார்.

அப்படியானால் வரிகள் ஏன் சிறுத்துக்கொண்டே போகின்றன என்று ஒருவர் கேட்டார்.

"பயத்துல மூச்சு முட்டிக்கினு இருந்துச்சு சார். அதான் சின்னச் சின்னதா வந்துச்சு," என்றார்.

வடிவத்தைப் பற்றி நான் அரை மணி நேரம் சொல்ல முயன்றது அவ்வளவுதான். சோகத்தில் முடிந்தால்தான் ஆழமான கவிதை என்று நினைத்திருந்த எனக்கு, குழம்பைக் கேட்டுக்கொண்டு கரையிறங்கும் ஒரு மனிதரிடமும் எவ்வளவு பெரிய ஆழம் இருக்கிறது என்பது அன்றுதான் புரிந்தது.