சுவர்க்காரம்மா

தூரிகையைப் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டே கேள்வி கேட்பார். "கோபம் வந்தா கத்துவாளா, மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாளா?" எதிரே மடக்கு நாற்காலியில் இருப்பவர், இறந்துபோன பெண்ணின் தாயோ கணவனோ. பாதிப் பேர் பதிலுக்கு அழுதுவிடுவார்கள். அவர்கள் அழுது முடிக்கும்வரை சாயம் குழைத்துக்கொண்டிருப்பார். வீட்டு ஆள் ஒருவர் பார்த்துச் சரியென்று சொல்லாமல் எந்த முகத்தையும் முடிக்கமாட்டார்.

வயது ஐம்பத்தெட்டு. 'சுவர்க்காரம்மா' என்றால்தான் தெருவில் தெரியும். ஒரு காலத்தில் பழக்கூடையும் பூச்சாடியும் வரைந்து பெரிய மனிதர்களின் வரவேற்பறைகளில் இடம்பிடித்தவர். விருதுகூட வாங்கினார், டர்பன்டைன் பாட்டில் கவிழாமல் இப்போது அதுதான் முட்டுக்கொடுக்கிறது. அவருடைய கண்காட்சி ஒன்றில் தரை துடைத்துக்கொண்டிருந்த பெண், மூன்று நாளில் ஒருமுறைகூடச் சுவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. அத்தோடு பழங்களைத் தலைமுழுகினார். பிறகு வரைந்ததெல்லாம் சாக்கடை அள்ளுகிறவர்கள், செங்கல் சுமக்கிறவர்கள், பாத்திரம் தேய்க்கிறவர்கள்.

"இந்த அழுமூஞ்சிங்கள யாரு வீட்ல மாட்டுவாங்க?" என்று தங்கை நொடிப்பாள்.

"வீட்ல வேண்டாம்டி. தெருவுல போறவன் மூஞ்சில அடிக்கட்டும்."

தையல் ஆலையில் தீப்பிடித்தபோது வெளிக்கதவு பூட்டியிருந்தது. உள்ளே பதினேழு பெண்கள். ஆலையின் எதிர்ச்சுவரில் அத்தனை பேரையும் ஆளுயரத்துக்கு வரைந்தார். எட்டு மாத வேலை. பூட்டியவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. முதலாளி அடுத்த தெருவில் புது ஆலை திறந்துவிட்டான்.

போன வாரம் ஒரு தாய் வந்தாள். மூத்த மகள் சுவரில் இருக்கிறாள். இளையவள் புது ஆலையில் சேர்ந்து இருபது நாள்தான் ஆகிறது.

"அக்கா கதையச் சொல்லாமதான் சேந்தாம்மா. இந்தப் படத்தப் பாத்து சூப்பர்வைசர் கண்டுபிடிச்சிட்டான். ரெண்டு பேருக்கும் ஒரே ஜாடை. நாளைக்கும் இது இங்க இருந்தா இவ வேலைக்கு வரக்கூடாதாம். எங்களுக்கு வேற போக்கில்ல. உங்களக் கும்பிட்டுக் கேக்கறேன், அழிச்சிடுங்க."

அவர் சுவரை நிமிர்ந்து பார்த்தார். அந்த முகவாய்க்காக மட்டும் ஒன்பது தடவை மெனக்கெட்டிருந்தார். கொஞ்சம் ஏனோதானோவென்று வரைந்திருந்தால் இளையவள் தப்பித்திருப்பாள். முப்பது வருடக் கைத்திறன் கடைசியில் ஆள்காட்டி வேலைதான் பார்த்திருக்கிறது. இதை நினைத்தபோது அவருக்குத் தன் கைகளைப் பார்க்கவே வெறுப்பாக இருந்தது.

"மூக்கையும் முகவாயையும் மாத்திடறேன். யாருக்கும் அடையாளம் தெரியாது."

தாய் வேகமாகத் தலையாட்டி மறுத்தாள். "எம்பொண்ண வேற யாரோ மாதிரி ஆக்கிடாதீங்கம்மா. அதுக்கு அவ இல்லாமலே போகட்டும்."

பழைய சுவரின் நிறத்துக்குச் சுண்ணாம்பு குழைத்தார். முதல் தடவையிலேயே அச்சாகப் பொருந்திவிட்டது. பட்டைத் தூரிகையைத் தோய்த்து முகத்துக்கு நேரே கொண்டுபோனார். கை அங்கேயே நின்றது. பிறகு மெல்லத் தரையில் உட்கார்ந்து, அந்தப் பெண்ணின் செருப்பிலிருந்து அழிக்க ஆரம்பித்தார்.