மஞ்சளுக்கு அடியில் இருந்த வரி

முருகன் அடியார்களுக்கு வணக்கம். வாகட் பகுதியில் இருக்கும் சாந்தி எழுதுகிறேன். நம் கிருத்திகை பஜனையில் பின்வரிசையில் உட்கார்ந்து தாளம் தப்பாகப் போடுவேனே, அவள்தான்.

போன ஆடியில் என் இடது மார்பில் வலி வந்தது. என் அக்காவை மார்பகப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவள் நான். வலி வந்த அன்றே பாதி உயிர் போய்விட்டது. மேமோகிராம் என்ற மார்பு எக்ஸ்ரே எடுத்தார்கள். ரிப்போர்ட் வரும்வரை சோறு இறங்கவில்லை. "முருகா, ஒன்றும் இருக்கக் கூடாது." இதே வேண்டுதல்தான் நாள் முழுக்க.

ரிப்போர்ட் வந்தது. கட்டி எதுவும் தெரியவில்லை என்று மேலேயே போட்டிருந்தது. அதற்குமேல் யார் படிப்பார்கள்? எங்கள் கோயமுத்தூர் வீட்டில் நல்ல சேதி வந்த காகிதத்துக்கு நான்கு மூலையிலும் மஞ்சள் தடவித்தான் சாமி முன் வைப்போம். குழைத்துத் தாராளமாகத் தடவினேன். சர்க்கரைப் பொங்கல் வைத்து எங்கள் மாடியில் எல்லா வீட்டுக்கும் கொடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்து என் வீட்டுக்காரர் ஒரு சேதி கொண்டுவந்தார். கராடி பகுதியில் இருக்கும் அவர் ஆபீசுக்கு ஆராய்ச்சிக்காரர்கள் வந்திருக்கிறார்கள், காந்தத்தால் மார்பின் அடர்த்தியை அளக்கும் சின்னக் கருவி வைத்திருக்கிறார்கள், வா என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"பொங்கல் வெச்சு நன்றி சொல்லியாச்சுங்க. மறுபடி போய்ப் பார்த்தா முருகனையே சந்தேகப்பட்ட மாதிரி ஆகாதுங்களா?"

"அவரை யாரு சந்தேகப்பட்டா கண்ணு? எனக்குத்தான் பயமா இருக்குது. எனக்காக வா."

கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷன் பயம் என்ற வார்த்தையைச் சொன்னதில்லை. உடனே கிளம்பினேன்.

உலோகம் கூடாது என்றதால் தாலிக்கொடியை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். குகை மாதிரி பெரிய எம்ஆர்ஐ என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். இது குக்கர் அளவுப் பெட்டி. மார்பை அதில் ஒட்டினாற்போல் வைத்துச் சில நிமிடம் அசையாமல் இருந்தால் போதும். கொழுப்பு எவ்வளவு, கெட்டியான திசு எவ்வளவு என்று அளக்குமாம். கட்டியைக் கண்டுபிடிக்காது என்று அங்கிருந்த மராத்திப் பெண் முதலிலேயே சொல்லிவிட்டாள்.

அளந்து முடித்தவள், மராத்தியில் சித்தி என்று கூப்பிட்டு, "ரொம்ப அடர்த்தியா இருக்கு காக்கூ. மேமோகிராம் ரிப்போர்ட்டில் சொல்லலையா?" என்றாள். கைப்பையில் கொண்டு போயிருந்ததை எடுத்துக் கொடுத்தேன். காய்ந்த மஞ்சளை நகத்தால் சுரண்டினாள். அடியில் ஒரு வரி இருந்தது. திசு மிக அடர்த்தி, கட்டி மறைந்திருக்கலாம், அல்ட்ராசவுண்டும் எடுக்கவும். என் விரலாலேயே அதை மூடியிருக்கிறேன்.

அந்த வாரமே எடுத்தோம். கடலைப் பருப்பு அளவில் கட்டி. ஊசியால் துளி சதை எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய்தான், ஆனால் ஆரம்பம். ஆபரேஷன், கதிர்வீச்சு எல்லாம் முடிந்து நன்றாக இருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் முருகனோடு சண்டை போட்டேன். ஒன்றும் இருக்கக் கூடாது என்றுதானே கேட்டேன்? அழுது ஓய்ந்து நிமிர்ந்தால், பக்கத்து நாற்காலியில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். எனக்காக வா என்று அவர் வாயில் வந்து கூப்பிட்டது யார் என்று அப்போதுதான் உறைத்தது.

இப்போது என் வேண்டுதல் வேறு. முருகா, இருப்பதைக் காட்டு, பார்க்கத் தைரியம் கொடு. சகோதரிகளே, அவனை நம்புங்கள், ரிப்போர்ட்டைக் கடைசி வரி வரை படியுங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் என்னிடம் சொல்லுங்கள். நான் கூட வருகிறேன்.