தற்போதைய முகவரி

வங்கிப் படிவத்தில் ‘பிரசன்ட் அட்ரஸ்’ என்ற சொற்களைப் படித்த கணமே, தனுஷ்கோடியில் எங்கள் குடிசைக்குள் ஓயாமல் வந்து விழுந்த மணல் நினைவுக்கு வந்தது. சோற்றிலும் பாயிலும் கூந்தலிலும் அம்மணல் நெருடியது. காயும் கருவாட்டின் நெடியும், கப்பலேறும் பயணிகளைச் சுமந்துவரும் ரயிலின் கூவலும் எங்கள் பொழுதுகளை நிறைத்தன. வீடுகளுக்கு எண் கிடையாது. அடையாளம் சொல்வதே முகவரி.

புயல் ஊரையே கொண்டுபோன பின், மண்டபம் முகாமில் எழுத்தர் ஒருவர் இதே சொற்கள் அச்சிட்ட தாளோடு எங்கள்முன் அமர்ந்தார். புயலில் காணாமல்போன அண்ணன் மட்டும் அப்போதும் கிடைத்திருக்கவில்லை. அம்மா தபால்காரரிடம் சொல்வதுபோல் ஒப்பித்தாள்:

“ரயிலடிக்குத் தெக்க, மாதா கோயிலுக்குப் பின்னால மூணாவது வீடு.”

“பிரசன்ட்டுன்னா இப்ப இருக்கிறது, ஆத்தா. அங்கன இப்ப கடல்தான் இருக்கு. தபால்காரன் நீந்தியா போவான்? முகாம்னு எழுதுனாத்தான் அரிசி.”

“எம்மவன் அங்கனதான வந்து தேடுவான்? இங்கன இருக்கோம்னு எழுதிட்டா, அவன் வரமாட்டான்னு நானே எழுதிக் குடுத்த மாதிரில்ல ஆயிரும்!”

எழுத்தர், அம்மாவின் பக்கத்தில் இருந்த எங்கள் அய்யாவைப் பார்த்தார். அய்யா என் தம்பியின் ஒட்டிய வயிற்றைப் பார்த்தார்.

“முகாம்னே எழுதுங்க.”

அண்ணனுக்காக அதுவரை எவரையும் ஒப்பாரி வைக்க விடாத அம்மா, தாளின்மேல் பேனா ஓடத் தொடங்கியதும், ஒப்பாரியின் முதல் அடியைத் தானே எடுத்தாள்.