இருபத்தாறு குழாய்கள்

தொண்ணூறுகளில் அடையாறில் ஓர் ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்கு மாடாய் உழைத்தேன். நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. என் வழிகாட்டி ஒருநாளும் சொன்னதில்லை. ரத்தப் புற்றுநோயாளிகளின் செல்களில், ஒரு புரதத்தின் குறிப்பிட்ட ஓரிடத்தில் பாஸ்பேட் ஒட்டியிருக்கிறதா என்பதே என் கேள்வி. அந்த இடத்தில் பாஸ்பேட் இருந்தால் மட்டும் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடி வெளிநாட்டிலிருந்து வந்திருந்தது. இல்லையென்றால் அது திரும்பியும் பார்க்காது.

இரண்டு வருடம் ஆஸ்பத்திரியில் தவம் கிடந்து இருபத்தாறு பேரின் ரத்தம் சேர்த்தேன். செல்களை உடைத்து எடுத்த சாறு சின்னக் குழாய்களில் டீப் ஃப்ரீசரில் இருந்தது. பாஸ்பேட்டைக் கழற்றி எறியும் என்சைம்களும் அதே சாற்றில்தான் உண்டு. குளிரில் இருக்கும்வரைதான் அவை சும்மா இருக்கும். ரத்தம் கொடுத்தவர்களில் பாதிப்பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள். மறுபடி போய்க் கேட்க முடியாது.

முதலில் எட்டுப் பேருடையதைச் சோதித்தேன். ஆறு பேருக்கு ஃபிலிமில் கறுப்பாகப் பட்டை விழுந்தது, அதாவது பாஸ்பேட் இருந்தது. இருட்டறையிலிருந்து ஈர ஃபிலிமோடு ஓடிவந்து வழிகாட்டியிடம் காட்டினேன்.

"பேஷ்," என்றார் சார். "எல்லாத்தையும் ஒண்ணா போட்டுப் பாத்துடு. பேப்பர் எழுதிடலாம்."

இடையில் சரஸ்வதி பூஜை வந்தது. மைக்ராஸ்கோப்புக்குச் சந்தனம், தராசுக்குக் குங்குமம் என்று வருடாவருடம் சார்தான் முன்நின்று செய்வார். பூஜையில் வைத்ததை மறுநாள்வரை யாரும் தொடக்கூடாது. நான் தி. நகரில் வீட்டில் சுண்டல் தின்றுகொண்டிருந்தேன்.

லீவு முடிந்து இருபத்தாறையும் சோதித்தேன். ஃபிலிமில் ஒரு பட்டைகூட இல்லை. பாஸ்பேட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே புரதத்தைப் பிடிக்கும் இன்னோர் ஆன்டிபாடியைப் போட்டேன். புரதம் எல்லாவற்றிலும் குறையாமல் இருந்தது. பாஸ்பேட் மட்டும் போயிருந்தது, அந்த ஆறு பேருக்கும்கூட.

"மொதல்ல வந்தது ஏதோ கோளாறும்மா. நீ ரொம்ப ஆசைப்பட்டுட்டே," என்றார் சார்.

ஒரு வாரம் அதை நம்பினேன். என் கையையே சந்தேகப்பட்டேன். பிறகு குழாய்ப் பெட்டியைக் காலி செய்தபோது அதன் அடி அட்டை தண்ணீரில் ஊறி மறுபடி உறைந்திருந்ததைப் பார்த்தேன். அட்டெண்டரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"சீரியல் லைட்டு போட பிளக்கு இல்லன்னு சார்தான் ஃப்ரீசரக் கயட்னாரு மேடம். பூஜ போட்டாச்சி, கை வெக்காதன்ட்டாரு. மறுநாள் மதியானம் அவரே மாட்னாரு. அப்பவே கீய தண்ணி ஓடிக்கினு இருந்துச்சு, நான்தான் தொடச்சேன்."

குளிர் போனதும் என்சைம்கள் விழித்துப் பாஸ்பேட்டைக் கழற்றியிருக்கின்றன. ஆக, தண்ணீர் ஓடியது அவருக்குத் தெரியும். நேரே போய்க் கேட்டேன். அவர் முகம் மாறவேயில்லை.

"ஒரு நாள்ல ஒண்ணும் ஆயிடாது. சரஸ்வதி காரியத்துல போய்க் குத்தம் சொல்றியே, அபசாரம்."

எனக்கு உதவித்தொகை இன்னும் நாலு மாதம்தான். ஆய்வேட்டில் அவர் கையெழுத்து இல்லாமல் பட்டம் கிடையாது. அவர் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன்: முதல் சோதனையில் கண்ட பாஸ்பேட் மறுசோதனையில் உறுதிப்படவில்லை, அது செய்முறைப் பிழையாக இருக்கலாம். யார் செய்த பிழை என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

பட்டம் வந்தது. அவரை இன்றுவரை மன்னிக்கவில்லை. ஆனால் ஆறு பேரின் செல்களில் என் கண்ணால் கண்டதை இல்லையென்று சொல்லும் அந்த ஆய்வேட்டில், இது என் சொந்த ஆய்வு என்று உறுதிமொழி கொடுத்துக் கையெழுத்துப் போட்டவள் நான்தான்.