அடிவரை இரும்பு ஓடாத கத்தி

என் மூத்த பேரன் மதுரையில் மெட்ரிகுலேஷன் தேறிவிட்டான். இரண்டாமவன் திருநெல்வேலிப் போலீஸில் சேர்ந்துவிட்டான். மூன்றாமவன் கொழும்பில் சொந்தமாகத் துணிக்கடை வைத்திருக்கிறான். பேத்தி செல்லம்மாள் தலைப்பிள்ளையை ஆணாகவே பெற்றாள். அந்தத் தாயையும் பிள்ளையையும் இராஜபாளையத்திலிருந்து மகாராஜபுரத்துப் புருஷன் வீட்டில் விட, போன பங்குனியில் கூண்டு வண்டி கட்டிப் போனேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கைப்பிள்ளையோடு அந்த வழியில் போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் பச்சைப்பிள்ளையை வழியில் கொண்டுபோனால் காத்துக் கருப்பு அண்டாமல் தலைமாட்டில் இரும்பு வைப்போம். வீட்டுப்படி ஏறும்வரை எடுக்கக் கூடாது. இதற்காகக் கொல்லர் பட்டறைக்குப் போனோம். அவர் இரண்டு கத்திகளைக் காட்டினார். எட்டணாக் கத்தியில் இரும்பு கட்டைப்பிடிக்குள் ஒரு விரல் நீளம்தான் போகிறது. அரக்கு ஊற்றி இறுக்கியது. ஒன்றரை ரூபாய்க் கத்தியில் இரும்பு பிடியின் அடிவரை ஓடுகிறது. இருபக்கமும் கட்டை வைத்து மூன்று ஆணி அடித்தது.

"சும்மா கெடக்கப்போற கத்திக்கு எதுக்கு அம்மாச்சி அம்புட்டு வெல?" என்றாள் செல்லம்மாள்.

"இப்பிடிப் பேரம் பேசித்தான் ஒங்கண்ணன் கொழும்புல கட வச்சானா தாயி?" என்றார் கொல்லர். அவள் சிரித்துக்கொண்டே எட்டணாவை நீட்டிவிட்டாள்.

விடியற்காலம் கிளம்பினோம். ஸ்ரீவில்லிபுத்தூர் ஏழு மைல். கோபுரம் கண்ணுக்குத் தெரிந்தபிறகும் வந்து சேரவே மாட்டேன் என்கிறது. பிள்ளை வழியெல்லாம் அழுதான். அங்கே மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக் கஞ்சி குடித்தோம். உச்சி வெயில் தாழட்டும் என்றான் வண்டிக்கார மாடசாமி. பொழுது அடையுமுன் வீடேற வேண்டும் என்று சொல்லிச் செல்லம்மாள் அவன் பேச்சைக் கேட்கவில்லை. இன்னும் சுமார் பன்னிரண்டு மைல் இருந்தது.

ஊர் தாண்டி மூன்று மைலில் ஒருபக்கம் கண்மாய், ஒருபக்கம் மலையடிவாரம். நடுப்பகலில் ஒரு காக்கை இல்லை. புளிய இலை அசையவில்லை. கூண்டுக்குள் அடுப்புச் சூடு. அங்கேதான் பிள்ளையின் அழுகை அறுத்தாற்போல் நின்றது. தூங்கவில்லை. கண்ணை விரித்துக் கூண்டின் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தலைமாட்டில் கைவிட்டேன். பிடி மட்டும் வந்தது. உள்ளே அரக்கு இளகிப் பிசுபிசுத்தது. வைக்கோலை எல்லாம் புரட்டினோம், இரும்பைக் காணோம். எம்புட்டு நேரமாகப் பிள்ளை இரும்பில்லாமல் கிடந்தானோ தெரியவில்லை. மாடுகள் தாமாக நின்றன. நின்ற வண்டிக்கு அடியில், தரையில் இரும்பை இழுக்கிற சத்தம் கேட்டது.

"ஏலே மாடசாமி, எறங்கிப் பாருலே."

"இங்க எறங்கமாட்டேன் ஆச்சி. நீங்களும் குனிஞ்சு பாக்காதிய."

முன்னால் செருகியிருந்த தன் கத்தியை உருவிப் பின்னால் நீட்டினான். அடிவரை இரும்பு ஓடியது, ஆணி வைத்தது. "அப்ப ஒனக்குலே?" என்றேன்.

"என்னைய எது தூக்கிட்டுப் போவும்? எம் பொண்டாட்டியே வேண்டாங்குறா," என்றான்.

கத்தியைத் தலைமாட்டில் செருகினேன். சத்தம் நின்றது. மாடுகள் நடந்தன. மகாராஜபுரத்தில் வண்டியை முழுக்கப் பிரித்துப் பார்த்தோம். பலகைகளுக்கு நடுவில் ஊசி நுழைய இடமில்லை. இரும்பு அகப்படவில்லை.

இந்த வழியில் போகிறவர்கள் உச்சிப்பொழுதை ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே கழியுங்கள். கத்தி வாங்கினால் பிடியின் அடியைப் பாருங்கள். அங்கே இரும்பு தெரிந்தால் ஒரு ரூபாய் கூடப் போனாலும் யோசிக்க வேண்டாம். அரக்குப் பிடி வீட்டில் காய் நறுக்க ஆகும், வெயிலுக்கு ஆகாது.

பிள்ளைக்கு இப்போது எட்டு மாசம். அன்றிலிருந்து அழுவதே இல்லை என்று செல்லம்மாள் பெருமையாக எழுதுகிறாள். வத்திராயிருப்புக்கு வந்த படக்காரரிடம் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். கைப்பிள்ளைகள் அசைந்து முகம் கலங்கிப்போகும் என்று அவர் முன்னாடியே சொன்னாராம். இவன் முகம் கல்லில் செதுக்கியதுபோல் இருக்கிறது. ஒரு இமைகூட அசையவில்லை.

ஏட்டி செல்லம்மா, இது உன் கண்ணில் பட்டால், புதுப் படம் ஒன்று பிடித்துத் தபாலில் அனுப்பு. முகம் கலங்கியே இருக்கட்டும்.